கொத்திலே ஒரு பழம்

சின்னமனூரில் என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். கல்யாண வீடுகளுக்கும் காதுகுத்து வீடுகளுக்கும் போட்டோ எடுப்பது அவன் தொழில். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவனுக்கு இன்னும் காப்பி கூட வரவில்லை. அதற்குள் ஆரம்பித்து விட்டான்.

"மாமா, ஒரு லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். நீங்கதான் நல்லது கெட்டது பாத்துச் சொல்லணும்."

"என்ன லென்ஸ்டா?"

"படத்துலே ஒரே ஒரு இடம் மட்டும் பளிச்சுனு தெரியும் மாமா. மத்ததெல்லாம் தண்ணியிலே கரைஞ்ச மாதிரி கலைஞ்சு போயிடும்."

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "காசைக் கொட்டிக் கலங்கலா எடுக்கறதுக்கு ஒரு லென்ஸாடா? என் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினா எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியுது!"

நான் சிரித்து விட்டேன். ஆனால் அக்கா கேட்டது லேசான கேள்வி அல்ல. உங்கள் வீட்டிலும் காமிராப் பைத்தியம் பிடித்த பிள்ளையோ பெண்ணோ இருக்கலாம். இதே லென்ஸுக்காக உங்கள் கைப்பணத்தையும் ஒரு நாள் கேட்கலாம். ஆகையால் இந்த வாரம் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிப் பார்ப்போம்.

பையன் ஒரு சிநேகிதனிடமிருந்து அந்த மாதிரி லென்ஸ் ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வைத்திருந்தான். மறுநாள் விடிந்ததும் இருவரும் கம்பம் தாண்டிச் சுருளிப்பட்டிப் பக்கம், தெரிந்தவர் ஒருவருடைய திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம்.

கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் மலை. நடுவிலே, 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்து பாய்கிற வயல். வயலை விட்டால் திராட்சைப் பந்தல். கல்கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடியைப் படர விட்டிருப்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கொத்துக் கொத்தாகப் பன்னீர்த் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இதுதான்.

பந்தலுக்குள் நின்றுகொண்டு, "சாதாரண லென்ஸிலே முதல்லே ஒண்ணு எடு" என்றேன். எடுத்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கொத்து, கொத்துக்குப் பின்னால் கொத்து, இலை, கம்பி, கல்கால், யாரோ மாட்டி வைத்திருந்த சட்டை எல்லாம் ஒன்றோடொன்று போட்டி போட்டன. பார்க்கிறவன் கண் எங்கே போவது என்று தெரியாமல் திண்டாடியது.

அடுத்தாற்போல் இரவல் லென்ஸை மாட்டி எடுத்தான். இப்போது கொத்திலே ஒரு நாலைந்து பழம் மட்டும், மேலே படிந்த சாம்பல் பூச்சு கூடத் தெரியும்படி துல்லியமாக நின்றது. மற்றக் கொத்தும் இலையும் கம்பியும் கரைந்து வெறும் நிறமாகி விட்டன. சட்டை போன இடமே தெரியவில்லை!

"சாதாரண லென்ஸிலேயும் பின்னாலே இருக்கறதை மங்க வைக்கலாமே மாமா, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

சாதாரண லென்ஸில் துளையைப் பெரிதாகத் திறந்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்களுக்கு எதிரே, பத்தடி தூரத்தில், சுவருக்குச் சுவர் ஒரு வேட்டியைக் கொடியில் காயப் போட்டிருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அந்த வேட்டி நிற்கிற தூரத்தில் இருப்பதெல்லாம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, துல்லியமாக விழும். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பவைதான் மங்கும். பத்துப் பேர் வரிசையாக அதே தூரத்தில் நின்றால் பத்துப் பேரும் தெளிவுதான்.

நாம் பேசுகிற லென்ஸ் அந்த வேட்டியையே வளைத்து விடுகிறது. ஒரு ஜாதியில் வேட்டி, சட்டியின் அடிப்பாகம் போலக் குழிந்து விடும். ஆகவே நடுவிலே ஒரு வட்டம் மட்டும் துல்லியமாக இருந்து, அதைச் சுற்றி வரவர மங்கிக்கொண்டே போகும். லென்ஸின் மூக்கை இப்படி அப்படி வளைத்தால் அந்த வட்டம் படத்துக்குள் நாம் சொன்ன இடத்துக்கு நகரும். இன்னொரு ஜாதியில் வேட்டி குழியாது, சாய்ந்து நிற்கும். அதனால் படத்தின் குறுக்கே ஒரு பட்டை மட்டும் தெளிவாக விழும். இப்படிச் சாய்ப்பதற்கு உள்ள கணக்கை ஆஸ்திரிய ராணுவத்தைச் சேர்ந்த தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் என்பவர் 1904-லேயே எழுதி வைத்து விட்டார். வானத்திலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்துவதற்காக அவர் போட்ட கணக்கு அது. இன்று நாம் அதையே கோணல் பண்ணுவதற்கு உபயோகிக்கிறோம்!

இது ஏதோ நேற்றுப் பிறந்த மோஸ்தர் என்று நினைக்க வேண்டாம். வியன்னாவிலே யோசெப் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர் 1840-ல் மனித முகங்களைப் படம் பிடிப்பதற்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு அமைத்தார். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். பெட்ஸ்வால் லென்ஸ் வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விட்டதால் அந்த அவஸ்தை வெகுவாகக் குறைந்தது. அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், நடுவில் முகம் தெளிவு, ஓரத்தில் எல்லாம் சுழன்று மங்கல். அன்று குறையென்று எண்ணியதை இன்று அழகென்று சொல்லித் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

அதே ஜாதி லென்ஸ் ஒன்றுதான் ஜூலியா மார்கரெட் காமெரான் என்ற அம்மாளின் கையிலும் முதலில் கிடைத்தது. 1815-ல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி அவர். இங்கிலாந்தில் குடியிருந்தபோது, 1863 டிசம்பரில், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் அந்த அம்மாள் போட்டோக் கலைஞர் ஆகிவிட்டார்! கவி டென்னிஸன், விஞ்ஞானி டார்வின் எல்லோரும் அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள். படங்கள் மங்கலாக இருக்கின்றன, இவருக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியவில்லை என்று தொழில் தெரிந்தவர்கள் பரிகாசம் செய்தார்கள். அவரோ அசரவில்லை. லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது தம் கண்ணுக்கு எங்கே அழகாகப் பட்டதோ அங்கே நிறுத்தினேன், அதற்கு மேல் துல்லியம் தேடித் திருகவில்லை என்று அந்த அம்மாளே பிற்பாடு எழுதி வைத்தார்.

1875-ல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கேயும் ஊர் ஜனங்களையும் தோட்டத்து ஜனங்களையும் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே காலமாகி, இன்று தேயிலை சூழ்ந்து கிடக்கும் பொகவந்தலாவையில் அடக்கமானார்.

இந்தக் காலத்து லென்ஸின் கதையும் வேடிக்கையானதே. அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்துப் போட்டோக்காரர் கிரெய்க் ஸ்ட்ராங் என்பவர், தூசி உறிஞ்சும் யந்திரத்தின் வளைகிற குழாயை ஒரு லென்ஸோடு பொருத்திப் பார்த்தார். அதிலிருந்து 2004-ல் பிறந்ததுதான் 'லென்ஸ்பேபி'. இப்போது அந்தப் பெயரிலேயே பல ரகம் இருக்கிறது. எதை வாங்குவது என்பதில்தான் ஆள் குழம்பிப் போகிறான். ஆகையால் ஜாதி பிரித்துச் சொல்கிறேன்.

முதல் ஜாதி 'ஸ்வீட்'. வட்டமான தெளிவு. 35, 50, 80 மில்லிமீட்டரில் வருகிறது. திராட்சைக் கொத்து, பூ, ஒரு முகம், இரண்டு கை — இவற்றுக்கு ஏற்றது. போடியில் பெண்கள் ஏலக்காயைத் தரம் பார்த்துப் பிரிப்பார்களே, அந்த விரல்களை இதில் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது 'எட்ஜ்'. பட்டையான தெளிவு. மேகமலை ரஸ்தாவிலோ குமுளி மலைப்பாதையிலோ ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து எடுத்தால் வயலும் வீடும் பஸ்ஸும் கொலு பொம்மை மாதிரி ஆகிவிடும். குழந்தைகள் கைகொட்டுவார்கள். இதிலே ஒரு சௌகரியம், வளைக்காமல் நேரே வைத்தால் சாதாரண லென்ஸ் போலவும் வேலை செய்யும். ஒன்றுதான் வாங்க முடியும், இரண்டு வேலைக்கும் வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது 'வெல்வெட்'. இதில் வளைப்பது ஒன்றும் இல்லை. துளையை முழுக்கத் திறந்தால், தெளிவுக்கு மேலே பால் ஊற்றினாற்போல ஓர் ஒளி படர்கிறது. துளையைச் சுருக்கச் சுருக்க அது மறைந்து படம் கூர்மையாகிறது. 56 மில்லிமீட்டர் வெல்வெட், லென்ஸின் முகப்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கும் உள்ளே இருக்கிற பொருளைப் பிடிக்கும். பூவும் பனித்துளியும் எடுக்கிறவர்களுக்கு ஆகிவந்தது.

நான்காவது 'ட்விஸ்ட்'. பழைய பெட்ஸ்வாலின் பேரப்பிள்ளை. நடுவில் தெளிவு, ஓரத்தில் சுழல். பின்னணியில் இலையும் புள்ளி வெளிச்சமும் நிறைய இருந்தால்தான் சுழல் தெரியும். வெறும் சுவருக்கு முன்னால் ஒன்றும் நடக்காது. இன்னொன்று: சிறிய சென்ஸார் உள்ள காமிராக்களில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுப் போவதால் சுழலும் பாதி போய்விடும். முழு அளவு சென்ஸார் உள்ளவர்கள் மட்டுமே இதை வாங்கலாம்.

வாங்குமுன் மூன்று சங்கதிகளைக் கேட்டுக் கொள்ளுங்கள். உங்கள் காமிராவின் வாய்க்கு அது பொருந்துமா? உங்கள் சென்ஸாருக்கு எத்தனை மில்லிமீட்டர் சரி? (சிறிய சென்ஸாரில் 50 என்பது ஏறக்குறைய 75 போல் நடந்து கொள்ளும். திண்ணையும் சிறு வீடும் உங்கள் களமானால் 35 நல்லது.) மூன்றாவது, கையால் ஃபோகஸ் செய்ய உங்களுக்குப் பொறுமை உண்டா? நான் மேலே சொன்ன நான்கு ஜாதிக்கும் தானியங்கி ஃபோகஸ் கிடையாது.

பணம் போடுமுன் ருசி பார்க்க ஒரு சிக்கன வழியும் உண்டு. லென்ஸின் முன்னால் மாட்டும் சாதாரணக் கண்ணாடி ஃபில்டர் ஒன்றை எடுத்து, நடுவில் எட்டணா அளவு இடம் விட்டு, சுற்றிலும் லேசாக வாஸலைன் தடவுங்கள். நடுவிலே தெளிவு, ஓரத்திலே மயக்கம்! வாஸலைனை லென்ஸ் மேலேயே தடவி விடாதீர்கள். பிறகு என்னைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு மாதம் இப்படி எடுத்த பின்னும் ஆசை தீரவில்லையானால் பழைய லென்ஸாகத் தேடி வாங்கலாம்.

இனி உபயோகிக்கும் முறை. இந்த லென்ஸ்களில் பெரும்பாலானவை காமிராவோடு பேசாது. 'லென்ஸே இல்லையே' என்று காமிரா மக்கர் பண்ணினால், லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அநுமதிக்கும் ஏற்பாடு மெனுவில் இருக்கும். அதைத் திறந்து விடுங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி காமிராவுக்குள்ளேயே இருந்தால், லென்ஸின் மில்லிமீட்டரை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

துளையை எடுத்த எடுப்பிலேயே முழுக்கத் திறக்காதீர்கள். எஃப் 4, எஃப் 5.6 என்று தொடங்குங்கள். தெளிவான இடம் கொஞ்சம் பெரிதாக இருக்கும், கை பழகும். பழகிய பின் எஃப் 2.5-க்கு வரலாம். கம்பத்து உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்து எஃப் 2.5 திறந்தால், ஷட்டர் ஒரு வினாடியில் 4000-ல் ஒரு பங்காக இருக்க வேண்டி வரும். அது முடியாத காமிராவானால் பந்தல் நிழலுக்குள் வந்து விடுங்கள்.

வளைக்கிற லென்ஸானால் முதலில் வளையுங்கள். பிறகு ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் செய்துவிட்டு வளைத்தால் செய்தது கலைந்து போகும். காமிராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, துல்லியம் எங்கே விழுகிறது என்று நிச்சயப்படுத்திக் கொண்டு பொத்தானை அமுக்குங்கள். பந்தல் இடுக்கில் தெரியும் வானத்துண்டுகள் படத்தில் வெள்ளைத் தீற்றலாக இழுபடும். ஓரடி நகர்ந்து, கொத்துக்குப் பின்னால் நிழல் வரும்படி நின்றால் போதும்.

"இதெல்லாம் செல்போனே செய்யுதே?" என்று சிலர் கேட்பார்கள். செய்கிறது. ஆனால் செல்போன் பெரும்பாலும் தெளிவாக எடுத்துவிட்டு, பிறகு கணக்குப் போட்டு மங்க வைக்கிறது. சில சமயம் திராட்சைக் கொடியின் சுருளையும் தலைமயிரையும் சேர்த்து மழித்து விடுகிறது. பிடிக்காவிட்டால் பல போன்களில் அந்த மங்கலை எடுத்தும் விடலாம். கண்ணாடி லென்ஸில் அது நடக்காது. எடுக்கும்போது மங்கியது மங்கியதுதான். பிறகு எந்த வித்தையாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை.

2007 சித்திரையில், இதே ஜாதி லென்ஸ் ஒன்றை ஒரு சிநேகிதரிடம் இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். கைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே எடுக்க வேண்டிய ரகம். வீரபாண்டித் திருவிழா சமயம். தீச்சட்டி, ராட்டினம், கடைவிளக்கு என்று எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்தால் திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்திருந்தாள். காதிலே தண்டட்டி. சாய்ந்த வெயில் முகத்தில் விழுந்து கொண்டிருந்தது.

"என்னையப் போயி என்னத்தடா எடுக்கே?" என்று சிரித்தாள். இருபது படம் எடுத்தேன். மயக்கம் அதிகமாக வேண்டும் என்று துளையை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். காமிராவின் சின்னத் திரையில் பார்த்தபோது ஜோராக இருந்தது.

ஐப்பசியில் அப்பத்தா போய்விட்டாள். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். "அதான் நீ எடுத்தியே!" என்றார்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில் தண்டட்டி துல்லியம். இன்னொன்றில் புடவைத் தலைப்பு துல்லியம். வேறொன்றில் திண்ணைத் தூண் துல்லியம். இருபதிலும் கண் இல்லை. அத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஏப்பா, இதுலே ஆத்தா மூஞ்சி எங்கே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடினாள்.

கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த ஸ்டாம்பு அளவுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அக்கா வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குவது அதுதான். யாரோ அதட்டி உட்கார வைத்தது போல் இருப்பாள். அப்பத்தா சிரித்த முகம் அதில் இல்லை.

காமெரான் அம்மாளின் படங்களும் மங்கல்தான். ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவர் பார்த்து நிறுத்தினார். நான் எங்கேயும் பார்க்கவில்லை. மங்கினால் போதும் என்று இருந்து விட்டேன். கொத்தில் ஒரு பழத்தைத்தான் லென்ஸ் காட்டும் என்றால், எந்தப் பழம் என்று சொல்ல வேண்டியவன் நான் அல்லவா?

பந்தலில் உட்கார்ந்து இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப வாங்க வேண்டாங்கறீங்களா மாமா?" என்றான்.

"தாராளமா வாங்கு. ஆனா எனக்கு ரெண்டு வாக்குக் கொடு. மனுஷாளை எடுக்கும்போது, முதல்லே சாதாரண லென்ஸிலே, எஃப் 8 வச்சு, ரெண்டு கண்ணும் தெளிவா ஒரு படம் எடுத்துடு. அப்புறம் இதை மாட்டி எத்தனை வேணும்னாலும் விளையாடு. விளையாடும்போதும் உன் பக்கத்திலே இருக்கிற கண்ணு துல்லியமா விழணும். கல்யாண வீட்லே தாலி கட்டற நேரத்துக்கும், குடும்பத்தோட நிக்கிற படத்துக்கும் இது பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது."

சரியென்றான். முகூர்த்த மாதங்கள் கழியட்டும், பழைய 'எட்ஜ்' ஒன்று பார்த்து வாங்கிக் கொள்கிறேன் என்றும் சொன்னான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். அக்கா திண்ணையில் முருங்கைக் கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். பையன் ஒன்றும் சொல்லாமல் சாதாரண லென்ஸை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். அடுத்தாற்போல் இரவல் லென்ஸை எடுத்து மாட்டினான்.

"ஒண்ணு எடுத்தியே, போதாதா? எதுக்குடா ரெண்டு?" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணாடியைக் கழட்டணுமாடா?" என்று கேட்டாள்.

"வேண்டாங்க்கா. போட்டுக்கிட்டே இரு" என்றேன்.